கணக்கரும் காவலரும்

பெங்களூரிலிருந்து சேலம் நோக்கி வரும் நெடுஞ்சாலையில் கருநாடகத்தின் கடைசி ஊர் அத்திப்பள்ளி. அதனைக் கடந்தால் தமிழகத்தின் முதல் ஊர் ஜூஜூவாடி. அங்கிருந்து சில கல் தொலைவில் ஓசூர். பல்லாண்டுகளாக ஜூஜூவாடிச் சோதனைச்சாவடியில் சரக்கு லாரிகள் இரவும் பகலும் வரிசையாய் நின்றதை நான் கண்டிருக்கிறேன். லாரி ஓட்டுநரின் கையில் இரண்டு வகைத் தாள்கள் இருக்கும். ஒன்று, சரக்குக்கு உரியவர் கையெழுத்திட்டுக் கொடுத்த சலான். 'இச்சரக்கு என்னுடையது, இன்னாரிடம் கொண்டு சேர்க்க' என்பது அதன் பொருள். மற்றொன்று, அரசின் விதிப்படி இருக்க வேண்டிய வரிச்சான்று. உரியவர் எத்தனை முறை கையெழுத்திட்டிருப்பினும், அரசின் தாள் இல்லையேல் சாவடியின் தடுப்புக்கட்டை உயராது. "சரக்கு என்னுடையது ஐயா, நான் அனுப்புவதை நீங்கள் ஏன் தடுக்கிறீர்கள்?" என்று உரியவர் கேட்கலாம். அதற்குச் சாவடியார் கூறக்கூடிய விடை ஒன்றே: "சரக்கு உம்முடையதுதான், எல்லை உம்முடையதன்று."

2017-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் வணிகவரிச் சாவடிகள் மூடப்பட்டன. 2018 ஏப்ரல் முதல், மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்குக்குக் கணிப்பொறியில் பதிந்து பெறும் இ-வே பில் வேண்டும் என்னும் விதி வந்தது. சாவடி மறைந்தது; இரண்டு அனுமதிகள் வேண்டும் என்னும் முறை மறையவில்லை.

மாணவ நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்டது சாலையில் உள்ள எல்லையைப் பற்றியன்று. கணிப்பொறிக்குள்ளும் இத்தகைய ஓர் எல்லை உண்டு. அங்கும் ஒரு காவலர் நிற்கிறார். கணக்குகளைக் காக்கும் தரவுத்தளம் சிற்சில வேளைகளில் அக்காவலரால் தடுத்து நிறுத்தப்படுகிறது. அவ்வேளையில் நாம் செய்வது என்ன, செய்யத் தக்கது என்ன என்பதை அக்காவலரின் வரலாற்றோடு சேர்த்துச் சொல்ல விழைகிறேன். என் தவறு ஒன்றிலிருந்து தொடங்குவதே முறை.

2012-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு. ஓசூர் சிப்காட் வளாகத்தில், வாகன உறுப்புகளைச் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கணிப்பொறிப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. இருப்புக் கணக்கும் விற்பனைச் சீட்டும் மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தில் இருந்தன. அத்தரவுத்தளம் லினக்ஸ் இயங்குதளத்தின்மேல் ஓடிற்று. பழைய வட்டு நிரம்பிவிட்டமையால், பெரியதொரு புதிய வட்டை இணைத்துத் தரவுக் கோப்புகளை அதற்குப் படியெடுத்தேன். புதிய இடம் இது என்று அமைப்புக் கோப்பில் குறித்தேன். தரவுத்தளத்தை இயக்கினேன், அது எழவில்லை. பிழைக் குறிப்பேட்டில் ஒரு வரி மட்டும் இருந்தது: கோப்பைத் திறக்க இயலவில்லை, பிழை எண் 13. அவ்வெண்ணின் பொருள் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்பதாம்.

கோப்புகளின் உடைமையாளர் யார் என்று பார்த்தேன். தரவுத்தளத்தின் பெயரே இருந்தது. படிக்கவும் எழுதவும் அனுமதி உண்டா என்று பார்த்தேன், இருந்தது. எல்லாம் சரியாய் இருக்க, மறுப்பு மட்டும் நீங்கவில்லை. வாயிலில் மூன்று லாரிகள் சரக்கேற்றி நின்றன. விற்பனைச் சீட்டு அச்சாகாமல் அவற்றுக்குக் கேட் பாஸ் கிடையாது. பண்டகசாலைப் பொறுப்பாளர் வயதில் மூத்தவர். குடையோடு வந்து என் அறை வாயிலில் நின்றார். "தம்பி, விடிவதற்குள் இது பெங்களூர் போய்ச் சேராவிட்டால் அங்கே அவர்கள் வேலை நின்றுவிடும்" என்றார். அவர் கடிந்துகொள்ளவில்லை, அதனாலேயே எனக்குப் பதற்றம் மிகுந்தது.

நான் இரண்டு செயல்கள் செய்தேன். முதலில், அக்கோப்புறையை எவரும் படிக்கலாம், எவரும் எழுதலாம் என்று முழுவதும் திறந்துவிட்டேன். பயன் இல்லை. பின்னர், எஸ்.இ.லினக்ஸ் என்னும் பாதுகாப்பு அமைப்பை நிறுத்திப் பார் என்று எங்கோ கேட்டது நினைவுக்கு வந்தது. ஒரே கட்டளை, தரவுத்தளம் உடனே எழுந்தது. எந்திரத்தை மறுபடி தொடங்கினாலும் அக்காவலர் தடுக்கலாகாது என்று அமைப்புக் கோப்பிலும் எழுதிவைத்தேன். லாரிகள் புறப்பட்டன. மறுநாள் மேலாளர் என்னைப் பாராட்டினார். முதலில் செய்த செயலை மீட்டு, கோப்புறையை மூட வேண்டும் என்பதையும் நான் மறந்தேன்.

அந்தப் பாராட்டுக்கு நான் தகுதியுடையேன் அல்லேன் என்பது பின்னரே விளங்கிற்று. அதனை இறுதியில் கூறுவேன். அதற்குமுன், அன்றிரவு நான் கைகட்டி நிற்கச் செய்த காவலர் எவ்வாறு அங்கு வந்தார் என்பதைக் காண்போம்.

கணக்கு எழுதுவோரையும் கணக்கைக் காப்போரையும் வேறு வேறாக வைப்பது கணிப்பொறி கண்டுபிடித்த முறையன்று. நம் மண்ணிலேயே அதற்குச் சான்று உண்டு. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி, கிருஷ்ணகிரியை உள்ளிட்ட பாரமகால் நாடு திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறிற்று. ஓசூர்ப் பகுதி 1799-இல் வந்து சேர்ந்தது. பாரமகாலை நிருவகிக்க அலெக்சாண்டர் ரீடு என்னும் படை அதிகாரி அமர்த்தப்பட்டார். பின்னாளில் சென்னை ஆளுநராய் விளங்கிய தாமஸ் மன்றோ அவருக்குத் துணைவராய்ப் பணியாற்றினார். நிலத்தை அளந்து, உழவர் ஒவ்வொருவரோடும் நேரே வரி பேசி, அதனைப் பதிவு செய்யும் இரயத்துவாரி முறை இப்பகுதியில் உருவாயிற்று.

அம்முறையில் சிற்றூரின் கணக்கை எழுதியவர் கர்ணம். வரியைத் தண்டியவர் முன்சீப்பு அல்லது மணியக்காரர். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த இராஜாஜியின் தந்தையார் அவ்வூர் முன்சீப்பாய் இருந்தவர். பணத்தைத் தொடுபவர் கணக்கை எழுதார். கணக்கை எழுதுபவர் பணத்தைத் தொடார். ஆண்டுக்கு ஒருமுறை மேல் அதிகாரி வந்து ஏடுகளைப் புரட்டிப் பார்க்கும் ஜமாபந்தி நடைபெறும். ஆயினும் ஒரு குறை இருந்தது. ஏடுகள் பெரும்பாலும் கர்ணத்தின் வீட்டிலேயே இருந்தன. அவற்றை யாருக்குக் காட்டலாம், யாருக்கு மறுக்கலாம் என்பது அவருடைய மனப்போக்கைப் பொறுத்தது. நல்ல கர்ணம் வாய்த்த ஊருக்கு நன்மை. அல்லாத ஊருக்கு வழக்கு. 1980-ஆம் ஆண்டு தமிழக அரசு பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்து, அவ்விடத்தில் கிராம நிருவாக அலுவலர்களை அமர்த்தியது.

'உரியவர் விருப்பம்', 'பொதுவிதி' என்னும் இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணிப்பொறியின் காவல் வரலாறும் முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு நடந்த பயணமே.

தொடக்ககாலக் கணிப்பொறியை ஒரு வேளையில் ஒருவரே பயன்படுத்தினர். ஆகவே அறையின் பூட்டே காவலாய் இருந்தது. 1961-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பாட்டோவும் அவர்தம் குழுவினரும், பலர் ஒரே வேளையில் பயன்படுத்தத்தக்க அமைப்பொன்றை இயக்கிக் காட்டினர். பலர் கூடிய இடத்தில் 'இது என்னுடையது' என்னும் சொல்லுக்கு இடம் உண்டாயிற்று, கடவுச்சொல் வந்தது. 1966-இல் ஒருநாள், அவ்வமைப்பில் நுழைந்தோர்க்கெல்லாம் அன்றைய அறிவிப்பு தோன்ற வேண்டிய இடத்தில் எல்லாருடைய கடவுச்சொற்களும் வரிசையாய்த் தோன்றின! யாரும் திருடவில்லை. இருவர் ஒரே வேளையில் இரண்டு கோப்புகளைத் திருத்தினர். திருத்தும் நிரல் இருவருக்கும் ஒரே பெயரில் இடைக்காலக் கோப்பை ஆக்கிற்று. இரண்டும் இடம் மாறிப்போயின. ஒருவரே அங்கு வேலை செய்வார் என்று எண்ணி அமைத்ததன் விளைவு அது. காவல் திருடனுக்காக மட்டும் அன்று, நல்லவரின் கைப்பிழைக்காகவும் வேண்டும் என்பதை அந்நாள் உணர்த்திற்று.

1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கினர். அதில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்பது அனுமதிக் குறிகள் என்னும் முறை நிலைபெற்றது. உடைமையாளர், அவருடைய குழுவினர், ஏனையோர் என மூவகையினர். படித்தல், எழுதுதல், இயக்குதல் என மூவகைச் செயல்கள். இவற்றை எண்ணால் எழுதுவர்: படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1, மூன்றும் சேர்ந்தால் 7. ஆகவே 777 என்றால் எல்லார்க்கும் எல்லாம் என்பது பொருள். அன்றிரவு நான் முதலில் இட்டது அந்த எண்ணையே.

இம்முறை எளிது, அழகியது, இன்றளவும் வழங்குகிறது. ஆயினும் கர்ணம் வீட்டு ஏட்டுக்கு இருந்த குறை இதற்கும் உண்டு. கோப்பின் அனுமதியை உடைமையாளர் தம் விருப்பப்படி மாற்றலாம். ஒருவர் இயக்கும் நிரலுக்கு அவருடைய உரிமை முழுவதும் வந்துவிடுகிறது. அந்நிரலை ஒரு தீயவன் ஏமாற்றினால் அவ்வுரிமை முழுவதும் அவன் கைக்குப் போகிறது. 'ரூட்' எனப்படும் தலைமைப் பயனருக்கோ தடை என்பதே இல்லை.

இக்குறையை ஆராய்ந்த ஆண்டுகள் 1970 முதல் 1975 வரை எனலாம். 1970-இல் வில்லிஸ் வேர் தலைமையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு ஓர் அறிக்கை அளிக்கப்பட்டது. 1972-இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் தம் அறிக்கையில் காவலருக்கு மூன்று இலக்கணங்களை வகுத்தார்: அவரை எவரும் திருத்த இயலாதிருக்க வேண்டும், அவரைச் சுற்றிக்கொண்டு செல்ல வழியிருத்தலாகாது, அவர் செயல் முழுவதையும் சோதித்தறியும் அளவுக்கு அவர் சிறியவராய் இருக்க வேண்டும். 1973-இல் டேவிட் பெல், லியனார்டு லபடுலா என்னும் இருவர், உடைமையாளரும் மீற இயலாத கட்டாய விதிக்குக் கணித வடிவம் தந்தனர். 1975-இல் ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் எழுதிய கட்டுரை எட்டு நெறிகளைக் கூறிற்று. அனுமதி என்று சொல்லப்படாதது எல்லாம் மறுப்பே. ஒவ்வொரு நிரலுக்கும் அதன் வேலைக்கு வேண்டிய அளவே உரிமை. பெரிய செயலுக்கு இருவர் திறவுகோல் வேண்டும். இம்மூன்றும் அவற்றுள் அடங்கும். கர்ணத்தையும் முன்சீப்பையும் பிரித்த நம் சிற்றூர் வழக்கம் மூன்றாவதற்கு நெருங்கிய உறவு. எட்டாவது நெறி நம்மைப் பற்றியது: காவல், பயன்படுத்துவோர்க்கு எளிதாய் இருக்க வேண்டும்; இல்லையேல் அவர்கள் அதனைச் சரியாய்க் கையாளார்.

இதே ஆண்டுகளில் தரவுத்தளத்தின் கதை வேறோர் இடத்தில் நடந்துகொண்டிருந்தது. 1970-இல் எட்கர் காடு, தரவுகளை அட்டவணைகளாய் உறவுபடுத்தி வைக்கும் முறையை வெளியிட்டார். அதன் வழியில் எழுந்த தரவுத்தளங்கள், எந்த அட்டவணையை யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்று தமக்குள்ளேயே ஒரு காவலரை வைத்துக்கொண்டன. 1995-இல் சுவீடன் நாட்டில் மைஎஸ்கியூஎல் தோன்றிற்று. காவலின் வரலாறும் கணக்கின் வரலாறும் அவ்வாறு தனித்தனியே வளர்ந்தன.

அவ்விரண்டும் சந்தித்தது லினக்ஸில். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், யூனிக்ஸின் ஒன்பது குறிகளையே மேற்கொண்டது. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமை எஸ்.இ.லினக்ஸ் என்னும் கட்டாயக் காவலை மூலநிரலோடு பொதுவில் வெளியிட்டது. 2003-இல் அது லினக்ஸின் கருவிலேயே சேர்க்கப்பட்டது. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாய்ப் பிரிந்த 2004-ஆம் ஆண்டில், பெடோரா என்னும் லினக்ஸ் பதிப்பு இக்காவலை முதன்முதலாய்ப் பொதுமக்களுக்குக் கொண்டுவந்தது. முதலில் விதி மிகக் கடுமையாய் இருந்தமையால் பலருடைய எந்திரங்கள் இடர்ப்பட்டன. அதனை நிறுத்தியே வெளியிட நேர்ந்தது. பின்னர், வெளியாரோடு தொடர்புடைய சில நிரல்களை மட்டும் கட்டும் இலகுவான விதித்தொகுதி வகுக்கப்பட்டது. 2005-இல் ரெட்ஹேட் நிறுவனத்தின் வணிகப் பதிப்பிலும் அது இடம்பெற்றது. அவ்வாறு கட்டப்பட்ட நிரல்களுள் தரவுத்தளமும் ஒன்று. சூசே, உபுண்டு ஆகிய பதிப்புகள் ஆப்ஆர்மர் என்னும் வேறொரு காவலரை மேற்கொண்டன.

தமிழகத்திற்கும் இது தொலைவில் நிகழ்ந்த செய்தியன்று. 2006-க்குப் பின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸை மேற்கொண்டது. 2007-இல் சென்னையிலுள்ள சி-டாக் மையம் 'பாஸ்' என்னும் இந்திய லினக்ஸை வெளியிட்டது. ஓசூரிலோ, 1980-களில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் முதலிய ஆலைகள் எழுந்தபின், அவற்றைச் சுற்றிச் சிறு ஆலைகள் பல தோன்றின. கணக்குப் புத்தகம் இருந்த அலமாரியின் இடத்தில் அங்கெல்லாம் தரவுத்தளம் வந்து அமர்ந்தது. அதனோடு, நாம் அறியாமலே, காவலரும் வந்து நின்றார்.

அக்காவலர் எவ்வாறு வேலை செய்கிறார்? அவர் ஆளின் பெயரைப் பார்ப்பதில்லை, முத்திரையைப் பார்க்கிறார். இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு முத்திரை. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு முத்திரை. 'தரவுத்தள நிரல்' என்னும் முத்திரை உடையது, 'தரவுத்தளக் கோப்பு' என்னும் முத்திரை உடையதைத் திறக்கலாம் என்று விதியில் எழுதியிருந்தால் வழிவிடுவார், எழுதியிராவிட்டால் தடுப்பார். லினக்ஸில் முதலில் ஒன்பது குறிகள் பார்க்கப்படும். அங்கே இசைவு கிடைத்தால் பிறகே முத்திரை பார்க்கப்படும். இரண்டு தாள்களும் சரியாய் இருந்தாலன்றித் தடுப்புக்கட்டை உயராது. இரண்டில் எது குறைந்தாலும் தரவுத்தளத்துக்குத் தெரிவது ஒரே எண்தான்: 13. மயக்கம் எல்லாம் இங்கேயே பிறக்கிறது. 13 என்று கண்டவுடன் நாம் ஒன்பது குறிகளையே திரும்பத் திரும்பத் திருத்துகிறோம், மறுத்தவரோ வேறொருவர்.

அன்றிரவு எனக்கு நேர்ந்ததும் அதுவே. லினக்ஸில் ஒரு கோப்பைப் படியெடுத்தால், படி சென்று சேரும் இடத்தின் முத்திரையைப் பெறுகிறது. புதிய வட்டில் நான் ஆக்கிய கோப்புறைக்குத் தரவுத்தள முத்திரை இல்லை. ஆகவே படிகளுக்கும் இல்லை. பழைய இடத்தில் கணக்காய் இருந்தது, புதிய இடத்தில் முகவரியற்ற பொதியாயிற்று.

இத்தகைய மறுப்பு வேறு சில வேளைகளிலும் எழும். மைஎஸ்கியூஎல்லின் வழக்கமான வாயில் எண் 3306. அதனை விதியில் இல்லாத வேறோர் எண்ணுக்கு மாற்றினால் காவலர் தடுப்பார். வலைத்தள நிரல் மற்றோர் எந்திரத்திலுள்ள தரவுத்தளத்தோடு தொடர்பு கொள்ள முயன்றால், அதற்கென உள்ள இசைவுக் குமிழைத் திருப்பினாலன்றி விடமாட்டார். அட்டவணையைக் கோப்பாய் எழுதி வேறோர் இடத்தில் வைக்கச் சொன்னாலும் மறுப்பு வரலாம். மரியாடிபி என்னும் தரவுத்தளத்தின் கோப்புகளைப் பயனர்களின் இல்லக் கோப்புறைக்குள் வைத்தால், நிரல்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி என்னும் பணியாளரே அவ்விடத்தை அதன் கண்ணுக்கு மறைத்துவிடுவார்.

இனி, ஆராயும் முறை. முதலில் ஒன்பது குறிகளைப் பாருங்கள். கோப்புக்கு மட்டும் பார்த்தல் போதாது. அதற்குச் செல்லும் வழியிலுள்ள கோப்புறை ஒவ்வொன்றிலும் நுழையும் இசைவு வேண்டும். அவை சரியாய் இருந்தால், காவலரின் தணிக்கைக் குறிப்பேட்டைத் திறங்கள். தாம் மறுத்ததை அவர் எழுதிவைப்பார்: எந்த முத்திரையுடைய நிரல், எந்த முத்திரையுடைய பொருளை, என்ன செய்ய முயன்றது என்று மூன்றும் அங்கே இருக்கும். நம் ஜமாபந்தி ஏட்டைப் போன்றது அது. அதனைப் படித்தபின், கேட்டது முறையான கேள்விதானா என்று எண்ணிப் பாருங்கள். முறையானதாயின், அதற்கு மட்டும் வழி செய்யுங்கள். புதிய கோப்புறைக்குத் தரவுத்தள முத்திரை உரியது என்று செமேனேஜ் என்னும் கட்டளையால் விதியில் எழுதி, ரெஸ்டோர்கான் என்னும் கட்டளையால் முத்திரையைப் பதியச் செய்யலாம். விதியில் எழுதாமல் கோப்பின்மேல் மட்டும் முத்திரையை மாற்றினால், எல்லாவற்றுக்கும் மறுமுத்திரை இடும் நாளில் பழைய பிழை திரும்ப வரும். ஆப்ஆர்மர் உள்ள எந்திரமாயின், தரவுத்தளத்துக்குரிய விதிக்கோப்பில் புதிய பாதையை ஒரு வரியாய்ச் சேர்த்து மறுபடி ஏற்ற வேண்டும். குறிப்பேட்டிலுள்ள மறுப்புகளையெல்லாம் தாமாகவே அனுமதிகளாய் மாற்றித் தரும் கருவியும் உண்டு. அதனைப் படிக்காமல் ஏற்பது, வாயிலில் கேட்டவர்க்கெல்லாம் திறவுகோல் செய்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

காவலர்தாம் தடுத்தாரா என்று ஐயம் இருந்தால், 'தடுக்காதே, எழுதிக்கொண்டு மட்டும் இரு' என்று சிறிது நேரம் அவரைப் பணிக்கலாம். ஆனால் ஐயம் தீர்ந்ததும் அவரைத் தம் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். முற்றும் நீக்கிவிட்டாலோ, அதன்பின் பிறக்கும் கோப்புகளுக்கு முத்திரையே இராது. பின்னொரு நாள் அவரை மீட்டழைக்க, வட்டிலுள்ள அனைத்துக்கும் முதலிலிருந்து முத்திரை இட வேண்டியிருக்கும்.

என் கதைக்குத் திரும்புகிறேன். அன்று நான் செய்தது 'எழுதிக்கொண்டு மட்டும் இரு' என்னும் பணி. சிறிது நேரம் என்று எண்ணியது இரண்டு ஆண்டுகள் ஆயிற்று. 2014-இல் என் பிரிவில் புதிதாய்ச் சேர்ந்த இளம் பொறியாளர் ஒருவர், கல்லூரி முடித்து ஓராண்டும் நிரம்பாத பெண், எந்திரங்களின் நிலையைக் குறித்து வருகையில் என்னிடம் வந்தார். "சார், இந்த எந்திரத்தில் காவல் தடுக்காத நிலையில் இருக்கிறது. ஆனால் குறிப்பேட்டில் சில வரிகள் எழுதியிருக்கிறது. நீங்கள் பார்த்தீர்களா?" என்றார். நான் பார்த்ததில்லை.

பெரும்பாலான வரிகள் நான் எதிர்பார்த்தவை. முத்திரையற்ற கோப்புகளைத் தரவுத்தளம் திறந்தமை பற்றியவை. அவற்றினிடையே வேறு வகை வரிகளும் இருந்தன. சரக்கு அனுப்புவோர் தம் சீட்டுகளைப் பதிய அதே எந்திரத்தில் ஒரு வலைத்தள நிரல் வைத்திருந்தோம். அந்நிரல், தனக்குத் தொடர்பே இல்லாத தரவுத்தளக் கோப்புறைக்குள் நுழைந்து கோப்புகளைப் படித்திருந்தது. விலை, சம்பளம், கொடுக்கல் வாங்கல் எல்லாம் அங்கிருந்தன. ஒன்பது குறிகள் அதனைத் தடுத்திருக்கும். 777 என்று இட்டு நானே அக்கதவைத் திறந்துவைத்திருந்தேன். முத்திரைக் காவலர் தடுத்திருப்பார். நானே அவரைக் கைகட்டி நிற்கச் செய்திருந்தேன். அவர் தம்மால் இயன்ற ஒன்றைச் செய்தார்: பார்த்ததை எழுதிவைத்தார். நாங்கள்தாம் படிக்கவில்லை.

வலைத்தள நிரலில் இருந்த ஓர் ஓட்டையே காரணம் என்று கண்டு அதனை அடைத்தோம். ஆனால் அவ்வழியே வெளியார் எவரேனும் எதையேனும் எடுத்துச் சென்றனரா? குறிப்பேடு ஓர் அளவுக்கு மேல் நிரம்பினால் பழைய ஏடு அழிந்து புதியது தொடங்கும். எங்களிடம் எஞ்சியவை சில வாரங்களின் ஏடுகளே. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் நடந்தது என்ன என்பதை நான் இன்றுவரை அறியேன். இனி அறியவும் இயலாது. மேலாளரிடம் சென்று முழுவதையும் சொன்னேன். 2012-இல் பாராட்டைப் பெற்ற அதே அறையில் அதனைச் சொல்வது எளிதாய் இல்லை.

அன்று மாலை அப்பெண்ணே அமர்ந்து திருத்தினார். கோப்புறையை உடைமையாளருக்கும் அவர் குழுவுக்கும் மட்டும் உரியதாக்கினார். விதியில் ஒரு வரி எழுதினார். முத்திரை பதித்தார். காவலரை மீண்டும் தம் இடத்தில் நிறுத்தினார். தரவுத்தளத்தை மறுபடி தொடங்கினார். அது தடையின்றி எழுந்தது. பத்து நிமிடங்களுக்கு மேல் ஆகவில்லை. லாரிகள் காத்திருந்த அந்த மழையிரவில் என்னிடமும் பத்து நிமிடங்கள் இருந்தன. இல்லாதது, மறுத்தவர் யார் என்று கேட்கும் எண்ணம்.

மாணவர்களே, உங்களுள் பலர் நாளை இத்தகைய எந்திரங்களின் பொறுப்பை ஏற்பீர்கள். உங்களுக்கும் ஓர் இரவு வரும். வாயிலில் யாரேனும் குடையோடு நிற்பார். அவ்வேளையில் திரையில் தோன்றும் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்னும் சொற்றொடரை எந்திரத்தின் பிடிவாதம் என்று கருதாதீர்கள். 1966-இல் வெளிப்பட்ட கடவுச்சொற்கள், 1970 முதல் அறிஞர்கள் எழுதிய அறிக்கைகள், 2004-இல் பலர் பட்ட இடர்கள் ஆகிய அனைத்தின் பயனாய் அக்காவலர் அங்கே நிற்கிறார். அவர் குறிப்பேட்டைப் படித்து, அவர் கேட்கும் தாளைக் கொடுங்கள். லாரி சிறிது தாமதமாய்ச் சென்றாலும் எல்லையைக் கடந்துவிடும். அழிந்துபோன ஏட்டை மட்டும் எவராலும் மீட்டெழுத இயலாது.